விக்கல் சிலுவை ஆகுமா

செப்டம்பர் 6, 1987, ஞாயிறு

இன்று ஆலயத்தில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். என் மனைவி மாட்யே எழுந்து போய் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் உட்கார்ந்தாள். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தேன். முப்பது வருடமாக இதே கதைதான். எங்கள் சபையில் நினைத்தவரெல்லாம் அந்த மேஜைக்குப் போய்விட முடியாது. ஆண்டவர் ஒருவரை நொறுக்கி, பிறகு தூக்கி எடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்லவும் தெரிய வேண்டும். நானூறு பேரில் பதினேழு பேர் போகிறார்கள். மாட்யே ஒரு காலத்தில் முதுகெலும்புக் காசநோயில் எட்டு மாதம் மல்லாந்து கிடந்தவள். எனக்கோ அறுபத்தோரு வயதில் ஒரு பல்கூட விழவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். வெங்காயமும் நன்றாக விளைகிறது. அவர் நேசிப்பவர்களைத்தானே சிட்சிப்பார்? என்னை ஏன் விட்டுவைத்திருக்கிறார்? சாவதற்குமுன் ஒரு முறையாவது அங்கே அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பக்கத்துப் பண்ணை மரீனஸும் பெஞ்சைவிட்டு எழவில்லை. மார்ச்சில் மனைவியைப் பறிகொடுத்தவன், தாராளமாகப் போகலாமே. அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அவனுக்கு ஆறுதல் சொன்னேன்: "ஆண்டவர் உன்னைத் தேடி வந்திருக்கார், மரீனஸ். எனக்குப் பொறாமையா இருக்கு." அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. துக்கம் ஆளையே மாற்றிவிடுகிறது.

செப்டம்பர் 15

சபை மூப்பர் வெர்ஹாகே வீடு சந்திக்க வந்தார். கறுப்புக் கோட்டு, காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட், டப்பாவை மூடியாயிற்று. துன்பத்தில் ஆண்டவர் என் ஆத்துமாவோடு என்ன பேசினார் என்று, வழக்கம்போல, கேட்டார். இந்தத் தடவை தயாராக இருந்தேன். 1962-இல் மாடு செத்ததைக் குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

சமையலறையிலிருந்து மாட்யே, "அது மரீனஸோட மாடு" என்றாள்.

செப்டம்பர் 22

துன்பம் கேட்டு ஜெபித்தேன். நீளமாக, நன்றாகவே ஜெபித்தேன். கண்ணில் வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம், வெங்காயம் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தபிறகு வந்தால் நல்லது என்றும் சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 3

கடைசி வண்டி வெங்காயம் உள்ளே வந்தது. பட்டாணி சூப் சாப்பிடும்போது விக்கல்.

அக்டோபர் 5

நிற்கவில்லை. சர்க்கரை, வினிகர், மூச்சை அடக்குவது எல்லாம் ஆயிற்று. தலைகீழாகத் தண்ணீர் குடித்ததில் மூக்கில் ஏறியதுதான் மிச்சம்.

அக்டோபர் 11, ஞாயிறு

எங்கள் போதகர் முக்கியமான இடங்களில் பேச்சை நிறுத்தி, சபையை ஒரு பார்வை பார்ப்பார். ஊசி விழுந்தால் கேட்கும். இன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் விக்கல்தான் கேட்டது. "இருதயத்தைச் சோதித்துப் பாருங்கள்" — விக். "நியாயத்தீர்ப்பு நாளில்" — விக். பிரசங்கம் ஆரம்பிக்கும்போது ஆளுக்கு ஒரு பெப்பர்மிண்ட் வாயில் போடுவோம். மாட்யே தன் பொட்டலம் முழுவதையும் எனக்கே தள்ளிவிட்டாள். முன் பெஞ்சில் தோள்கள் குலுங்கின.

நான் கேட்டது இதையா? ஒரு கட்டி, ஒரு அறுவை சிகிச்சை, ஏதாவது ஒரு மரியாதையான நோய் கிடைக்கவில்லையா?

அக்டோபர் 15

டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். தானாகப் போனால் உண்டு.

வெர்ஹாகேயைத் தெருவில் பார்த்தேன். இதைச் சிலுவைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேவிட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர்க்க முடியாதுன்னு சொல்லல, கிரைன். ஆனா சபையில சொன்னா சிரிப்பாங்களே."

ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

அக்டோபர் 26

தூக்கம் இல்லை. விலா வலிக்கிறது. சித்தப்பா மகன் கொர்னேலிஸ் பார்க்க வந்தான். மூன்று பிஸ்கட் தின்றான். நான் பாதி வார்த்தை விழுங்கிக்கொண்டு கிடக்க, முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு சொல்கிறான்: "ஆண்டவருக்கு உன்மேல எவ்வளவு அன்பு பாரு. எனக்கெல்லாம் கொடுத்து வைக்கல."

டப்பாவைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று இருந்தது. அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் — ஐயோ. நானும் இதையேதானே சொன்னேன். சவப்பெட்டி பக்கத்தில நின்னுகிட்டு. ஒரு விக்கலுக்கே எனக்கு இப்படி இருக்கே, மரீனஸுக்கு எப்படி இருந்திருக்கும்? எவ்வளவு பெரிய மடையன் நான்.

அக்டோபர் 27

சாப்பாட்டு மேஜையில் என் நீள ஜெபம் இப்போது முடிவதில்லை. இரண்டு விக்கலுக்கு நடுவில் "ஆண்டவரே, இரங்கும்" என்பதற்குத்தான் இடம் இருக்கிறது. சூப் சூடாக இருக்கும்போதே சாப்பிட முடிகிறது என்கிறாள் மாட்யே. இத்தனை வருடம் நான் அவரிடம் பேசினேனா, என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேனா?

நவம்பர் 2

மரீனஸ் வீட்டு வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 9

இன்று உள்ளே போய்விட்டேன். அவன் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். "நான் அன்னிக்கு — விக் — உன்கிட்ட சொன்னது — விக் — மன்னி — விக் —" மூன்று தடவை ஆரம்பித்தேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே, "அன்னிக்கே உன்னைக் கால்வாயில தள்ளணும்னு இருந்துச்சு" என்றான்.

"தள்ளியிருந்தா — விக் — நல்லாத்தான் — விக் —"

சிரித்துவிட்டான். சிரிப்பு நிற்காமல் மேஜைமேல் தலையைக் கவிழ்த்தான். சிறிது நேரத்தில் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. பிறகு மனைவியைப் பற்றிப் பேசினான், இருட்டும்வரை. அவள் உருளைக்கிழங்கை எவ்வளவு தடியாகச் சீவுவாள் என்றுகூடச் சொன்னான். எனக்குச் சொல்ல நல்ல வசனங்கள் நிறைய வந்தன. விக்கல் ஒன்றையும் வெளியே விடவில்லை. ஸ்தோத்திரம்.

நவம்பர் 16

மரீனஸ் வீடு. அவளுடைய உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தோம்.

நவம்பர் 24

திருவிருந்துக்கு முன் மூப்பர் மறுபடி வந்தார். அதே கேள்வி. முப்பது வருடம் காத்திருந்த பதில் எங்கே போனதோ. "என்ன பேசினார்னு — விக் — தெரியல, மூப்பரே. நான் பேசறதை நிறுத்திட்டார். நான் ஒரு மடையன்னு தெரிஞ்சுது. அவர் இல்லாம என்னால — விக் — முடியாது. அவ்வளவுதான்."

வெர்ஹாகே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மாட்யேயிடம், "அந்த டப்பாவைக் கொஞ்சம் திறங்க" என்றார். மூப்பர் ஒருவர் இரண்டாவது பிஸ்கட் எடுத்து நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

மாட்யே எழுந்தாள். நானும் எழுந்துவிட்டேன். யோசித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். மேஜைவரை நடந்ததில் ஆறு விக்கல். கடைசி பெஞ்சிலிருந்து மரீனஸ் ஒவ்வொன்றையும் சத்தமாகச் செருமி மறைத்தான்.

மேஜையில் மாட்யேக்கு வலப்பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. எப்போதுமே இருந்திருக்கிறது, அவள் ஒல்லியானவள், அதனால்தான் என்று நினைத்திருந்தேன். நான் உட்கார்ந்ததும் என் காதருகே, "வர இவ்வளவு நேரமா?" என்றாள்.

கிண்ணம் என் கைக்கு வந்தது. விக்கல் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன். கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன்.

விக்.

மாட்யே குனிந்த தலையை நிமிர்த்தாமல், மேஜைக்கு அடியில் ஒரு பெப்பர்மிண்ட்டை என் கையில் வைத்து அழுத்தினாள். கையை எடுக்கவில்லை.