எட்டாவது சைகை

மறக்க முடியாத என் பிரேமா டீச்சருக்கு,

போன வியாழக்கிழமை பள்ளியில் கூட்டம் நடந்தது. இருந்தவர்கள்: தலைமையாசிரியை, தாரணியின் வகுப்பாசிரியை, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர், கைகால் பயிற்சி கொடுக்க மாதம் ஒருமுறை வரும் அம்மா, நான், என் மகள் தாரணி. மொத்தம் ஆறு பேர். தாரணியின் அப்பா வரவில்லை, சரக்கு அனுப்பும் நாள். ஐந்து பேர் பேசினோம். பேச்செல்லாம் ஆறாவது ஆளைப் பற்றித்தான். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான்.

உங்களுடைய ஆறாம் மாத நினைவுக்கு, நீங்கள் பாடம் சொன்ன பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு சின்ன மலர் போடுகிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப் போகிறார்கள். எல்லாரும் உங்களைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்குப் புகழ மனம் வரவில்லை டீச்சர். என்னிடம் இருப்பது ஒரு கேள்வி.

என் மகளுக்குப் பதினொரு வயது. காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது, விரல்கள் முழுதாக விரியாது. புத்தகத்தில் இருக்கும் சைகைகள் அவள் விரலுக்கு வராதென்று, அவளுக்கு வருகிற மாதிரி நீங்களே மாற்றிக் கொடுத்தீர்கள். பெருவிரல் உதட்டில் பட்டால் தண்ணீர். இடுப்பில் தட்டினால் பாத்ரூம். நெற்றியைத் தொட்டால் கோயில். மூன்று வருடத்தில் ஏழு சைகைகள், எல்லாம் வலது கையில். ஏழும் எனக்குத் தெரியும்.

எட்டாவது தெரியவில்லை.

வலது கையை மூடி இடது தோளில் இரண்டு தட்டு தட்டுகிறாள். பிறகு அந்தக் கையை நம் பக்கம் நீட்டி, விரல் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரிக்கிறாள். விரித்துவிட்டு நம் முகத்தையே பார்க்கிறாள். நீங்கள் போன பிறகுதான் இதை ஆரம்பித்தாள். நமக்குப் புரியவில்லையென்றால் மறுபடியும் காட்டுவாள். மூன்றாம் தடவையும் புரியவில்லையென்றால் அந்தக் கையின் மணிக்கட்டைக் கடிப்பாள். இப்போது அங்கே தோலே இல்லை.

நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு நின்றவள், பொட்டலக் காகிதம் படித்துப் படித்து எழுதப் பழகினேன் என்றபோது என் நோட்டை வாங்கிப் பார்த்து, "அக்கா, என்ற ரிக்கார்டை விட உங்களது சுத்தமா இருக்குதுங்க" என்றீர்கள். அந்த நோட்டில் இப்போது இவளுடைய சைகைதான் கணக்கு. எந்த நேரம், எந்த இடம், நான் எதைக் கொடுத்தேன், அவள் எப்படித் தள்ளினாள். சாப்பாடு இல்லை. வலி இல்லை. மின்விசிறி, ஊஞ்சல், மழை, ஒன்றும் இல்லை. உங்கள் போட்டோவைக் காட்டினேன், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அதையும் தள்ளிவிட்டாள். நீங்களும் இல்லையாம்.

கீழே எங்கள் பனியன் யூனிட்டில் தைக்கும் மதுரைக்காரப் பெண் சொன்னாள்: "அக்கா, அது எனக்கு வைக்கிற சல்யூட்டுக்கா. இந்த வீட்டுல அதுக்குத்தான் மரியாத தெரிஞ்சிருக்கு." சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். அதையும் விடாமல், தாரணியைக் கூட்டிப் போய் அவள் மிஷின் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். அதுவும் இல்லை.

உடுமலைக்குப் பஸ் ஏறி உங்கள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உங்கள் நோட்டை எடுத்து வந்து, ஆனால் என் கையில் தராமல், மடியிலேயே வைத்துப் புரட்டிக் காட்டினார். "கோவிச்சுக்காதே சாமி. என்ற புள்ள கையெழுத்து இது ஒண்ணுதான் இருக்குது." ஏழு சைகைக்கும் படம் வரைந்திருந்தீர்கள். அதற்கப்புறம் வெறும் தாள். "மாசக் கடைசில உக்காந்து எழுதிக்குவேனுங்க" என்பீர்களே. நீங்கள் காய்ச்சலில் படுத்தது மாத நடுவில். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து என் நோட்டைத் தேடினேன். இருந்தது டீச்சர். நீங்கள் கடைசியாக வீட்டுக்கு வந்த சனிக்கிழமை. 'பத்தேகாலுக்கு வந்தார். பதினொன்றரைக்குப் போனார். காபி, முறுக்கு இரண்டு. புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்தார்.'

புதிதாக ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். முறுக்கை எண்ணியவள் அதை எழுதவில்லை.

அன்று நீங்கள் கூப்பிட்டீர்கள். "அக்கா, சித்த வந்து உக்காருங்க, இதையும் பாத்துக்குங்க." கிருத்திகை, பூஜைச் சாமான் விளக்கிக்கொண்டிருந்தேன். "நீங்க சொல்லிக் குடுங்க டீச்சர், அடுத்த வாரம் பாத்துக்கறேன்" என்றேன். முருகனுக்கு வெள்ளி வேல் பளபளவென்று இருக்க வேண்டும் என்று, என் பிள்ளையின் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அழ?

கூட்டத்துக்கு வருகிறேன். புது டீச்சர் கெட்டவர் இல்லை. ஒன்பது பள்ளிக்கூடம் அவர் தலையில். "ஏனுங்க, போன்ல எல்லாம் தேடிப் பாத்துட்டனுங்க. அப்படி ஒரு சைகையே இல்லீங்க. இது பேச்சு இல்லீங்க, பழக்கம். கண்டுக்காம விட்டா நின்னுரும்" என்றார். தலைமையாசிரியை, "ரத்தத்தைப் பாத்துட்டு மத்த புள்ளைங்க பயந்துக்குதுங்கம்மா" என்றார். அதுவும் நிஜம்தான். பள்ளி நேரத்தில் வலது முழங்கை மடங்காதபடி ஒரு பட்டை கட்ட வேண்டும். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தபோது வந்து பார்க்கிறோம் என்கிறார்கள்.

"அந்தக் கையிலதானுங்க தண்ணி கேக்கறா" என்றேன்.

"தண்ணி மணிக்கொருக்கா நாங்களே குடுத்துருவமுங்க" என்றார் புது டீச்சர்.

கடிக்க முடியாது, சரி. ஆனால் அவளுடைய சைகைகளில் ஒன்றுகூட இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அழாமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று எழுதுவார்கள்.

அம்மன் கோயிலில் பூ வாக்கு கேட்டேன். பட்டை கட்டலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக மடித்த பொட்டலங்களில் ஒன்றை ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்தது. கட்டலாம் என்று அர்த்தம். சாமி ஆமாம், இல்லை என்று இரண்டுதான் சொல்கிறது. எனக்கு வேண்டியது ஒரு சொல். இருபது வருடமாகக் கும்பிட்ட இடத்திலிருந்து கும்பிடாமல் வந்துவிட்டேன்.

நேற்று இவர் பட்டையைக் கொண்டுவந்தார். கடைப் பட்டை சொரசொரப்பாக இருக்கிறதென்று, எக்ஸ்போர்ட் துணியிலேயே மெத்தென்று ஒன்றைத் தைத்து உறையாகப் போட்டிருந்தார். "உள்ள தையலே படாது. லேபிள்கூட வெட்டிட்டேன், உறுத்துமுன்னு" என்றார். நான் அதைக் கையில் வாங்கவில்லை. "நானென்ன ஆசைப்பட்டா தெக்கறேன்? அந்தக் கையப் பாக்க முடியுதா உன்னால?" என்று கத்திவிட்டு, பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை தாரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வலது கையைப் பிடித்து மூடினாள். தூக்கி என் இடது தோளில் வைத்து இரண்டு தட்டு தட்டினாள். பிறகு நீட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களே, அதே பொறுமை. விரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியல கண்ணு" என்றேன்.

இந்தத் தடவை அவள் கடிக்கவில்லை. என் கையை மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன் டீச்சர்?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனி அவள் கை அசைந்தால், விளக்கேற்றிக்கொண்டிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு அவள் முன்னால் போய் உட்காருவேன். பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை என்றாவது சொல்வேன். கண்டுகொள்ளாமல் இருக்க மாட்டேன்.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கும் டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தோளில் இரண்டு தட்டு, பிறகு விரித்த கை.

டீச்சர், நீங்களும் கனவிலோ, யார் வாயிலிருந்தோ சொல்லுங்கள். மலர் கொடுத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் பதில் வேண்டும்.

நீங்கள் அக்கா என்று கூப்பிட்ட,
தாரணியின் அம்மா சாந்தாமணி,
நல்லூர்.