உன் கட்டிலை ஒட்டிய சுவர்

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் நலம். நீயும் நலம் என்று உன் கடிதம் சொல்கிறது, அதைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் நம்ப முடியவில்லை. குளிரில் கப்பலே விறைத்துக் கிடக்கிறது, என் கட்டிலை ஒட்டிய இரும்புச் சுவர் மட்டும் கதகதப்பாக இருக்கிறது, முதுகைக் கொடுத்துப் படுத்தால் எழ மனசே வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் சத்தமாகப் படித்ததும் அப்பா கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஏன் என்று உனக்குத் தெரியாது. நடுக்கடலில் இருக்கிற பிள்ளையைக் கலங்கடிக்காதே என்று அவர் தடுத்ததால் இங்கே நடந்ததை நான் எழுதவில்லை. இப்போது அவரே பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

நம் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கு இருக்கிறதல்லவா, கோழித் தீவனத்துக்குப் போகிற மீன் தூள் மூட்டைகளை அங்கே கூரை வரைக்கும் அடுக்கினார்கள், நாற்றம் குடலைப் பிடுங்கியது. குளிர் தொடங்கிய சமயம் சுவர் லேசாக வெதுவெதுத்தது. உன் அப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. முழங்கால் வலிக்கு இனி டாக்டர் எதற்கு என்று கட்டிலை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொண்டார். நான் மட்டும் என்ன, ஈரத் துணிகளை அங்கேதான் காயப் போட்டேன். உன் அக்காதான் ஒருநாள் சுவரில் கை வைத்து முகம் மாறினாள், பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் இல்லையா, நேரே போய்க் கிடங்கு மேலாளரைக் கூட்டி வந்தாள். அவர் வெப்பமானியைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு டிகிரிதாம்மா, காய்ச்சல் வந்தா உடம்பே இதைவிட ஜாஸ்தி சுடும்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்றாள். தீக்குச்சி நுனியில் டிகிரி எங்கேயோ எகிறும், ஆனால் அதை வைத்து ஒரு வாளித் தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக்க முடியாது, இந்தச் சுவர் கையைச் சுடாது, ஆனால் "இந்தக் குளிர்ல இவ்வளவு கல்லையும் ராப்பகலா கதகதப்பா வெச்சிருக்கணும்னா பின்னாடி எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கணும், சூடு அதிகமா இருக்கற இடத்துலேர்ந்துதானே இங்க வருது, இங்கயே முப்பத்தெட்டுன்னா மூட்டைக்கு நடுவுல என்ன இருக்கும்" என்று கேட்டாள். மீன் தூளில் இருக்கிற எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடாகுமாம், அடுக்கின் நடுவிலிருந்து அந்தச் சூடு வெளியேற வழியிருக்காதாம். மேலாளர் வெளி மூட்டைகளைத் தட்டிக் காட்டினார், சில்லென்றுதான் இருந்தன. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள், அங்கே புகைகூட இல்லை. டீச்சர் சும்மா பயமுறுத்தாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு காலையில் சுவரில் கை வைக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த மனுஷன் பதறிப்போய் அடுக்கைப் பிரிக்கச் சொன்னார். உன்னோடு கேரம் ஆடுவானே, மூட்டை தூக்குகிற பையன், ஒட்டகம் என்று கூப்பிடுவாயே, அவன்தான் முதலில் ஏறினான். நடு மூட்டைகள் கரிக்கட்டையாகக் கிடந்தனவாம். ஒன்றை உருவியதும் காற்று உள்ளே போயிற்று, அவ்வளவுதான், குப்பென்று பிடித்துக்கொண்டது. அவனை வெளியே கொண்டுவந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். பிழைக்கவில்லை.

கண்ணா, உன் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? எஞ்சின்தான் என்றால், அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்துவிட்டுத் தூங்கு. ஆனால் உன்னைப் போன்ற சமையல்காரர்களுக்கு எஞ்சினுக்கு எதிர்க்கோடியில்தான் அறை கொடுத்திருக்கிறார்கள், சத்தமே இல்லை என்று நீதானே முன்பு எழுதினாய். கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன், என்ன சரக்கு என்று சொல்ல மாட்டார்களாம், "கதகதப்பா இருந்தா நல்லதுதானேம்மா, கப்பல்ல எல்லாத்துக்கும் மீட்டர் இருக்கு" என்று போனை எடுத்த பெண் வைத்துவிட்டாள். மீட்டர் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்களோ யார் கண்டது. நீ உடனே கேப்டனிடம் போய்ச் சொல். சமையல்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று ஏசினால் ஏசட்டும், நமக்கென்ன தேய்ந்தா போய்விடும். அதுவரை கட்டிலை மாற்றிப் போடு, இல்லையென்றால் சமையலறையிலேயே படு. என்ன ஆனாலும் சரக்கறை மூடியை நீயாகத் திறக்காதே, யார் கூப்பிட்டாலும் முதல் ஆளாக ஏறாதே. உன் குணம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் அதைத் தவிர வேறெதையும் இப்போது வேண்டிக்கொள்வதில்லை. வேளைக்குச் சாப்பிடு. பதிலில் வேறு எதுவும் எழுத வேண்டாம், சுவர் சூடா சில்லென்றா, அந்த ஒரு வார்த்தை போதும் என்கிறார் அப்பா. உன் கடிதம் நீ எழுதி எத்தனை நாள் கழித்து இங்கே வந்து சேர்ந்தது என்று அக்கா முத்திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். எத்தனை நாள் என்று நான் கேட்டதற்கு, சீக்கிரம் தபாலில் போடும்மா என்று மட்டும் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்
அம்மா