ஆளுக்கு ஒரு கிலோ

என் பிடிவாதக் கிழவனுக்கு,

புதன்கிழமை நானே காரை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி இத்தாலிப் பக்கத்து லுயினோ சந்தைக்குப் போய்வந்தேன். ஏரியோர வளைவுகளில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். ஏரி மட்டும் எதுவும் நடக்காதது போல வெட்கமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

கறிக்கடைக்காரி கேட்காமலேயே இரண்டு கிலோ கட்டினாள். நானும் வழக்கம்போல வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது எல்லைச் சுங்கச் சோதனைச் சாவடியில் நம் ஃபியோரென்சோ பணியில் நின்றான். "என்னம்மா, இன்னிக்கு எத்தனை மாட்டைக் கடத்துறீங்க?"

"ரெண்டே கிலோ. ஆளுக்கு ஒரு கிலோ கொண்டு வரலாம். சட்டம் எனக்கும் தெரியும்டா" என்றேன், நீ சொல்வதைப் போலவே.

அவன் குனிந்து என் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அதில் கறிப் பொட்டலம்தான் இருந்தது. "பெரியவர் வரலையா?" என்று கேட்டவன், என் கறுப்பு உடையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு கிலோவை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"இன்னிக்குக் கொண்டு போங்கம்மா" என்றான். "அடுத்த வாரத்துலேருந்து ஒரு கிலோ."

ஒரு கிலோ கொடு என்று அந்தக் கறிக்கடைக்காரியிடம் நான் எப்படிச் சொல்வேன்?

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கைக்காரி