மேலே இருந்த ஒரு வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. எனக்கு வேலை போய்விட்டது.

வெளிநாடு போகும்வரை நீ பார்த்துக்கொண்ட லேப் வெப்சைட்டில் நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டரை நீதானே என் பொறுப்பில் விட்டாய்? அதற்குள் ஒரு சின்ன ஃபைலில் இரண்டே கட்டளை எழுதினேன்: உள்ளே இருப்பதைப் பட்டியலாகக் காட்டாதே, பாஸ்வேர்டு கேட்காமல் யாரையும் விடாதே. அன்றே சோதித்தோம். பாஸ்வேர்டை ஒழுங்காகக் கேட்டது. நீயும் பக்கத்தில் நின்று பார்த்தாய்.

போன வாரம் யாரோ அந்த ஃபோல்டரின் முகவரியைத் தட்டியிருக்கிறார்கள். எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்துவிட்டன. ஒரு பள்ளி ஆசிரியையின் ரிப்போர்ட் ஊர் முழுக்கச் சுற்றியது. அவர் வந்து சத்தம் போடவில்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, என் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

லேப் நடத்தும் டாக்டரிடம் என் ஃபைலைத் திறந்து காட்டினேன். எழுதி வெச்சா ஆச்சா, வேலை செய்ய வேண்டாமா என்றார். ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிப் பார்க்க, சர்வரின் மெயின் செட்டிங்கைத் திறக்கும் அனுமதியை நீ எனக்குக் கொடுத்ததே இல்லை.

நேற்று என் சாமான்களை எடுக்கப் போனபோது புது டெக்னீஷியன் அந்த மெயின் செட்டிங்கைத் திறந்து காட்டினார். ஃபோல்டர்களுக்குள் யார் என்ன எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மேலே ஒரு வரி. சர்வர் வேகமாக ஓட அப்படிச் செய்வது வழக்கமாம். செய்தால், உள்ளே இருந்த கட்டளைகளையும் மேலே எழுதிவிட வேண்டுமாம். நீ எழுதவில்லை; என் ஃபைல் அங்கேயே இருந்தும் செல்லாமல் போய்விட்டது. அந்த வரியை எழுதிய தேதி, நீ விமானம் ஏறியதற்கு முந்தைய நாள். உன் லாகின். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் மட்டும் என்றைக்கு என்னைக் கேட்டுச் செய்தாய்?

மறதி என்று விட்டிருப்பேன். ஆனால் டாக்டர் போன் செய்தபோது, தங்கச்சி சின்னப் பொண்ணு சார், போகப் போகப் பழகிடுவா என்று எனக்காகப் பரிந்து பேசினாயாம். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

அந்தத் தேதியை டாக்டரிடம் காட்டட்டுமா என்று டெக்னீஷியன் கேட்டார். திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன், அம்மாவுக்காக. அண்ணன் பேர் கெட்டுடக் கூடாது என்கிறாள். என் பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்; எழுதிவிட்டேன். நீ எழுத வேண்டியதும் ஒரே ஒரு வரிதான். எனக்கு வேண்டாம், திங்களுக்குள் டாக்டருக்கு எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை