டயரில் நான் இறக்கிய காற்று

புதன், மழை.

காலையில் ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டம். டிரைவர் முருகேசன் கையெழுத்து வாங்க ஆபீசுக்குள் போயிருந்தான். அதற்குள் புது மின்சார லோரியை நான் திருப்பப் போய்ச் சேற்றில் மாட்டினேன். டீசல் லோரியில் செய்யும் பழக்கத்தில், டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். நன்றாகப் பிடித்து ஏறிவிட்டது. ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். அவனிடம் சொல்ல மறந்து, என் காரில் கிளாங் டிப்போவுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம்வரை தாங்க வேண்டிய சார்ஜ். மூன்றாவது நடையில் ஷா ஆலம் பக்கம் லோரி நின்றுவிட்டது. இழுத்து வந்தார்கள். எல்லார் முன்னாலும் முருகேசனைத் திட்டினேன்.

“எங்கடா சுத்தின? காலையில ஃபுல் சார்ஜ் லா!”

“எங்கயும் சுத்தல அண்ணே. சார்ஜ் மடமடன்னு இறங்கிருச்சு.”

“கதை விடாத. சாவிய வச்சிட்டுப் போ.”

அவன் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து இரண்டு மாதம். இந்த வேலை போனால் இங்கே தங்கி வேலை செய்யும் பெர்மிட்டும் போகும்.

எல்லாரும் போன பிறகுதான் தொய்ந்த டயர்களைப் பார்த்தேன். சேற்றில் திணறியது கொஞ்சம், காற்றுக் குறைந்த டயர்களோடு நாளெல்லாம் ஓடியது மீதி என்று சார்ஜைத் தின்றிருக்கிறது. யாரும் பார்க்காமல் காற்றடித்து வைத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு முருகேசன் மெசேஜ் அனுப்பினான். “அண்ணே, நாளைக்கு வரட்டுமா?”

நான் படித்துவிட்டது அவன் போனில் தெரிந்திருக்கும். அவனுக்கு ஒரு வரி எழுதாமல், இந்த டைரியில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.