ஒன்பதா, எட்டா

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கள்ளிக்குப்பம் முழுக்கக் கரண்ட் இல்லை. லிஃப்டும் இல்லை. நாலு மாடி இறங்கினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸ்.

புது வேலை. எங்கள் மென்பொருளில் பணம் கைமாறிக் கைமாறிப் போகும், ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு. இரண்டு கணினிகள் இணைந்ததும் முதலில் ‘எனக்கு இன்னின்ன தெரியும், உனக்கு?’ என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அறுந்துபோகக் கூடாது. அதனால் ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு எண். இரட்டைப்படை என்றால் கட்டாயம். தெரியாதவன் இணைப்பை வெட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒற்றைப்படை என்றால், தெரியாவிட்டால் கண்டுகொள்ளாமல் பழையபடி பேசலாம். பெண் பார்க்க வருபவர்கள் ‘வேலைக்குப் போனால் நல்லது’ என்பதற்கும் ‘போயே ஆகணும்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது சேர்க்கும் புது வசதிக்கு 8, 9. இப்போதைக்கு 9 போதும் என்றார் ஜோசப் சார். டீம் லீட். நல்ல மனுஷன்.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் பிரபாகர். பேரை எழுதும்போதே பேனா அழுந்துகிறது. இந்த விசாரிப்பு முறையை அப்போதே எழுதியவள் நான். புது எண் எதுவும் அப்போது கிடையாது. இருந்தாலும், தெரியாத ஒற்றைப்படை வந்தால் கண்டுகொள்ளாதே என்று இரண்டு வரி வைத்திருந்தேன். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “வராத விருந்தாளிக்கு எதுக்கும்மா இலை போட்டு வெச்சிருக்க?” எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வரியையும் அழித்தான். மிச்சத்தைத் தன் வேலை என்று பெங்களூர் மாநாட்டில் பேசினான். அதைக் காட்டியே வேறு கம்பெனியில் பெரிய வேலைக்குத் தாவினான். எங்கள் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அந்த இரண்டு வரி இல்லாததை அப்படியே அங்கே எடுத்துப் போனான். அவன் போனதும் நான் செய்த முதல் வேலை, அந்த இரண்டு வரியைத் திரும்ப வைத்தது.

இப்போது அவன் குடியிருப்பதும் என் ஃப்ளாட்ஸ், என் சி பிளாக். தினம் அந்த மூஞ்சியில் முழிக்கிறேன்.

கேஸ் புக் பண்ணணும். அம்மாவுக்கு மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்

பி. (இனி அவன் பேருக்கு இந்த ஒரு எழுத்து போதும்) கம்பெனியின் பதிப்பை வீட்டு லேப்டாப்பில் இறக்கி, என்னுடையதோடு இணைத்துப் பார்த்தேன். 9 என்று சொன்னதுதான் தாமதம், துண்டித்துவிட்டது. மறுபடியும் செய்தேன். மறுபடியும்.

இரண்டு வரியும் இன்னும் இல்லை! இத்தனை நாளில் ஒருத்தன்கூட அதைப் பார்க்கவில்லை.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கும்போதும் சிரிப்பு.

நான் எதையும் உடைக்கவில்லை. முறைப்படி ஒன்பதுதான். அவன் கம்பெனிப் பணம் வெளி உலகத்துக்குப் போவதும் வருவதும் எங்கள் கணினிகள் வழியாக. வெள்ளிக்கிழமை ரிலீஸ். தானாக அறுந்து விழுவான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஜூன் 11, புதன்

ஜோ. சார் கேட்டார், பழைய பதிப்பு எல்லாம் பார்த்துவிட்டாயா என்று. நம் லிஸ்டில் உள்ளது எல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை. பி. கம்பெனி எங்கள் லிஸ்டில் இல்லை.

சாயங்காலம் பாடி ஸ்டாப்பில் இறங்கி, வழக்கமாகப் போகும் சேகர் அண்ணனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்கூட்டிக்கு பிரேக் ஒயர். அங்கே கல்லாப்பெட்டி பக்கத்தில் பணம் வாங்கும் டப்பா, பி. கம்பெனியுடையது, பச்சை விளக்கோடு. புதுசாகச் சோதனைக்கு வைத்திருக்கிறார்களாம். லாரிக்காரர்களின் முதலாளிகள் வெளியூரிலிருந்தே ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பணம் அனுப்புகிறார்களாம். அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை.

 என் சண்டைக்கு நடுவில் இவரை ஏன் கொண்டுவந்து நிறுத்தினான் அந்தப் பாவி?

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அவனுக்காக இல்லை, சேகர் அண்ணனுக்காக. லிஃப்டில் மாட்டினான். ‘சார், ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“என்ன தேவி, இன்னும் அங்கயேவா? கொஞ்சம் பெரிசா யோசிக்கணும்மா.”

தோளில் தட்டாத குறை. ஆமா சார் என்றேன். மூன்றாவது மாடியில் இறங்கிப் போனான். போகட்டும். நாசமாய்ப் போகட்டும்.

டெய்லர் ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டான். கை இறுக்கம். இன்றைக்குப் பார்த்து எல்லாரும்.

ஜூன் 13, வெள்ளி

ரிலீஸ் ஆயிற்று. ஆபீஸில் கேக். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

வேண்டுமென்றே பாடிக்குப் போனேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு.

சேகர் அண்ணன் டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னான்னே தெர்ல மேடம், காலைலேர்ந்து செத்துப் போய் கீது. அதோ பாருங்க, லாரி நின்னுகினு கீது. அவன் மொதலாளி பணம் அனுப்பறேன்றான், வர மாட்டேங்குது.”

டிரைவர் வண்டி நிழலில் குந்தியிருந்தான். தெரியாதவள் மாதிரி நின்றேன். கேக் சாப்பிட்ட வாய் கசந்தது. ஆனாலும் பி. இந்நேரம் எப்படி முழிப்பான் என்று நினைத்ததும் உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். நான் என்ன ஜென்மமோ.

ஜூன் 15, ஞாயிறு

வந்தான்! மத்தியானம் காலிங் பெல், கையில் லேப்டாப், சவரம் செய்யாத முகம்.

“தேவி, உங்க ரிலீஸ் எங்களை கட் பண்ணுது. எட்டு போட்டுட்டீங்களா?”

ஒன்பதுதான் சார் என்றேன்.

“ஒன்பதுன்னா தெரியலன்னாலும் கண்டுக்காம போகணும்ல?”

அதற்கு இரண்டு வரி இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றேன்.

“எந்த முட்டாள் எடுத்தான்?”

எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்த பேச்சு. மெதுவாகவே சொன்னேன். “வராத விருந்தாளிக்கு எதுக்கு இலைன்னு நீங்கதான் கேட்டீங்க சார். விருந்தாளி வந்தாச்சு.”

என்னையே பார்த்தான். “நானா? அப்படியா சொன்னேன்?” என்று சிரித்தான்.

நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் இத்தனை வருடம் சுமந்தது அவனிடம் இல்லவே இல்லை. அறைந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்தான். வரவில்லை. சேகர் அண்ணனும் குந்தியிருந்த டிரைவரும் நினைவுக்கு வந்தார்கள். லேப்டாப்பை வாங்கி இரண்டு வரியையும் நானே அடித்தேன். இணைப்பு ஒட்டிக்கொண்டது. தேங்க்ஸ்மா, நீ எழுதினதுன்னு கண்டிப்பா போட்டுடறேன் என்றான்.

காபி கொடுக்கவில்லை. தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா ‘யாருடி வந்திருக்கா, காபி போடவா?’ என்றாள். வேண்டாம்மா, இப்போ கிளம்பிடுவாங்க என்றேன், அவன் காதில் விழும்படி.

ஜூன் 16, திங்கள்

தூறல். பாடியில் பச்சை விளக்கு. சேகர் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆபீஸில் பி. கம்பெனியின் திருத்தக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். என் இரண்டு வரி, ஒரு புள்ளி மாறாமல். கீழே: ‘சிக்கலைக் கண்டறிந்து தீர்த்தவர்: பிரபாகர்.’

மத்தியானம் ஜோ. சார் வந்தார். புது வசதி எல்லாரிடமும் ஓரளவு போய்ச் சேர்ந்ததும் அதைக் கட்டாயமாக்கலாம், எப்போது என்று நீயே சொல் என்றார். பி.யிடம் அந்த வசதி கிடையாது. எழுதவும் தெரியாது. இரண்டு வரி வேலை இல்லை இது.

செய்ய வேண்டியவை:
சேகர் அண்ணனை வேறு கம்பெனி டப்பாவுக்கு மாற்றுவது. இந்த வாரமே.
அம்மாவுக்கு மாத்திரை.
9ஐ எடுத்துவிட்டு 8.