இரண்டாவது வெடி

21.2.1974, வியாழன்

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓட்டத்தைத் துவக்கால் வெடி வைத்துத் தொடக்கியது நான். இரண்டு பிள்ளைகள் முந்திப் பாய்ந்தார்கள். திருப்பி அழைக்க மறுபடி விசையை இழுத்தேன். அடுத்த தோட்டா மேலேறாமல் சிக்கிவிட்டது. அவர்கள் முந்தியதைக் கண்டு, பிழையான தொடக்கம் என்று நின்றவள் செல்வராணி மட்டும். மற்றவர்கள் ஓடி முடித்தார்கள்.

“ரீச்சர், நான் நிண்டது பிழையோ?”

போட்டியைத் திரும்ப ஓட்டச் சொல்லி அதிபரிடம் கேட்டேன். “விருந்தினர் பஸ்ஸுக்குப் போகோணும், ஏலாது. துவக்குப் பழசு, நீங்கள் என்ன செய்யிறது?” என்றார் பாடசாலை அதிபர். நானும் ஓம் என்றேன். வட்டாரப் போட்டிக்கு அவள் பெயர் போகாது.

வீட்டில் துவக்கைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றில் துருப்பிடிக்காதிருக்க, தையல் மெஷினுக்கு விடுவதுபோல் நான் விட்ட தேங்காயெண்ணெய், மணலோடு பசையாகித் தோட்டாக் கூட்டின் சுருள்வில்லைப் பிடித்திருந்தது. துடைத்துவிட்டுப் பத்துத் தரம் ஏற்றி இறக்கினேன். ஒருதரமும் சிக்கவில்லை.